லேப்டாப் திரையில் கேம் கன்சோல்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

கன்சோலில் இருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிளை லேப்டாப்பில் சொருகினால் படம் வந்துவிடும் என்றுதான் தோன்றும். வராது. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளியே அனுப்புவதற்கானது. கன்சோலின் போர்ட்டும் அதே வேலைக்குத்தான். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்க, கேட்க ஆளில்லாத கதை. இப்படிச் சொருகியதால் எதுவும் கெட்டுப்போகாது, பயப்பட வேண்டாம்.

நடுவில் ஒரு கேப்சர் கார்டு வேண்டும். கன்சோலின் எச்டிஎம்ஐ கேபிள் கார்டின் ‘இன்’ பக்கம் போகும். கார்டு யூஎஸ்பி வழியாக லேப்டாப்போடு சேரும். லேப்டாப்புக்கு அது ஒரு வெப்கேம் மாதிரித் தெரியும். ஓபிஎஸ் போன்ற ஒரு மென்பொருள் அந்த வெப்கேமைத் திறந்து காட்டும். கோளாறு எதுவானாலும் முதலில் ஒரே கேள்விதான்: கார்டுக்கு முன்னாலா, பின்னாலா?

அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். ஓபிஎஸ்ஸில் கார்டின் படம் திறந்திருக்கும்போதே, கார்டில் இருந்து எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் பிடுங்குங்கள். திரையில் வண்ணப் பட்டைகளோ, நீலத் திரையோ, ‘நோ சிக்னல்’ எழுத்தோ வந்தால் யூஎஸ்பி பக்கம் நன்றாக இருக்கிறது. பிழை கன்சோல் பக்கம். பிடுங்கியும் திரை அசையவே இல்லையென்றால் கன்சோலை விட்டுவிட்டு லேப்டாப்பைப் பாருங்கள். இதைச் செய்யாமல் கேபிளை மாற்றுவது, கன்சோலை ரீசெட் செய்வது என்று இறங்குவதில்தான் பாதி நாள் வீணாகிறது.

நேராகச் சொருகியும் லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை

மேலே சொன்னதுதான் காரணம். எச்டிஎம்ஐ இன் வசதியோடு வந்த லேப்டாப்கள் உண்டு. ஏலியன்வேரின் சில பழைய மாடல்களில் இருந்தது. போர்ட் பக்கத்திலேயே ‘இன்’ என்று அச்சிட்டிருக்கும். இல்லையென்றால் இல்லை. பயாஸிலோ டிரைவரிலோ மாற்றித் திசையைத் திருப்ப முடியாது, ஏனென்றால் சிக்னலை வாங்கும் சிப்பே அங்கே கிடையாது.

டைப்-சி போர்ட்டுக்கும் இதே கதிதான். விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்துவதும் பயன்படாது. அது லேப்டாப் வெளியே எப்படிக் காட்ட வேண்டும் என்பதற்கான மெனு. விண்டோஸில் ‘ப்ரொஜெக்டிங் டு திஸ் பிசி’ என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அது மிராகாஸ்ட் வயர்லெஸ் சிக்னலை வாங்குவதற்கு. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எதுவும் தன் படத்தை மிராகாஸ்ட்டில் அனுப்புவதில்லை.

ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் அதன் டைப்-சி துளையில் இருந்து நேராகக் கேப்சர் கார்டுக்கோ லேப்டாப்புக்கோ கேபிள் இழுத்துப் பார்ப்பார்கள். படம் டாக் (ஸ்விட்ச்சைச் சொருகி நிறுத்தும் தாங்கி) வழியாகத்தான் வெளியே வரும். டாக்கும் தன்னோடு வந்த அடாப்டரில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். முதல் ஸ்விட்ச்சின் அடாப்டர் 15 வோல்ட், 2.6 ஆம்பியர். போன் சார்ஜரைச் சொருகினால் பேட்டரி ஏறலாம், படம் வராது. ஸ்விட்ச் லைட்டில் வெளித்திரைக்கான வசதியே இல்லை, எந்த டாக்கில் வைத்தாலும்.

கார்டு லேப்டாப்பில் தெரியவே இல்லை

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘கேமராஸ்’ அல்லது ‘இமேஜிங் டிவைசஸ்’ வரிசையைப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளுக்குத் தனி டிரைவர் வேண்டாம். அங்கே பெயர் வரவில்லையென்றால் யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு லேப்டாப்பின் சொந்த போர்ட்டில் சொருகுங்கள். கார்டுக்குத் தனி யூஎஸ்பி கேபிள் இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்: சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் கார்டின் விளக்கு எரியும், டேட்டா போகாது.

டிவைஸ் மேனேஜரில் பெயர் இருந்தும் ஓபிஎஸ்ஸில் படம் இல்லையென்றால் அனுமதிப் பிரச்சினை. செட்டிங்ஸ் > ப்ரைவசி & செக்யூரிட்டி > கேமரா போய், டெஸ்க்டாப் ஆப்களுக்கான அனுமதியை ஆன் செய்யுங்கள். மைக்ரோஃபோனுக்கும் அதே, கார்டின் ஒலி லேப்டாப்புக்கு மைக் மாதிரித்தான் வருகிறது. மேக்கிலும் ப்ரைவசி பகுதியில் இரண்டையும் தனித்தனியே அனுமதிக்க வேண்டும். வெப்கேமைக் காக்கும் ஆன்டிவைரஸ் இருந்தால் அதுவும் கார்டை மறிக்கும்.

கார்டு தெரிகிறது, திரை மட்டும் கறுப்பு

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். காரணங்கள் பல, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயல் உண்டு.

பிஎஸ்4, பிஎஸ்5 என்றால் முதலில் எச்டிசிபியைப் பாருங்கள். இது நகலெடுப்பதைத் தடுக்க எச்டிஎம்ஐக்குள் வைத்த பூட்டு. ஆனாக இருந்தால் கேப்சர் கார்டுக்குக் கறுப்புத் திரையோ எச்சரிக்கைப் படமோதான் கிடைக்கும். அதே கன்சோல் டிவியில் பளிச்சென்று தெரியும், அதனால்தான் ஆள் குழம்பிப்போவது. பிஎஸ்5-ல் செட்டிங்ஸ் > சிஸ்டம் > எச்டிஎம்ஐ > எனேபிள் எச்டிசிபி. பிஎஸ்4-ல் செட்டிங்ஸ் > சிஸ்டம் > எனேபிள் எச்டிசிபி. இந்த மெனுவுக்குப் போகவே படம் வேண்டும் என்பதால், முதல் தடவை ஒரு டிவியிலோ மானிட்டரிலோ சொருகி அணைத்துவிட்டு வாருங்கள். அணைத்த பிறகு சினிமா ஸ்ட்ரீமிங் ஆப்கள் திறக்காது. கேம்களுக்கு ஒன்றும் ஆகாது.

எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரீஸ் எக்ஸ், ஸ்விட்ச் ஆகியவை கேம் ஓடும்போது இந்தப் பூட்டைப் போடுவதில்லை. எக்ஸ்பாக்ஸில் ஹோம் வரை தெரிந்து, சினிமா ஆப்பைத் திறந்ததும் கறுப்பானால் அது பூட்டின் வேலை, கார்டில் பழுதில்லை. பிஎஸ்3-ல் எச்டிஎம்ஐ வழியாக வரும் எல்லாவற்றுக்கும் பூட்டு நிரந்தரம், அணைக்க மெனு இல்லை. அதற்குக் காம்போனென்ட் அல்லது ஏவி கேபிளும் அதை வாங்கும் கார்டும்தான் நேர்வழி.

பூட்டு இல்லாமலும் கறுப்பென்றால், வேறு ஏதாவது மென்பொருள் கார்டைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ கால் ஆப்பும், பிரவுசர் டேபும், விண்டோஸ் கேமரா ஆப்பும் ஒரு கேமராவைத் திறந்தால் மற்றவற்றுக்கு அது கிடைக்காமல் போகும். எல்லாவற்றையும் மூடி, கார்டைப் பிடுங்கிச் சொருகி, ஓபிஎஸ்ஸை மட்டும் திறங்கள்.

அடுத்தது, கார்டு தாங்காத சிக்னல். பெட்டியில் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மலிவான கார்டுகளில் அதன் பொருள், 4கே சிக்னலை நொடிக்கு 30 ஃப்ரேம் வரை உள்ளே வாங்கும் என்பது மட்டுமே. லேப்டாப்புக்குக் கொடுப்பது 1080பி. கன்சோல் 4கே 60-லோ, 120 ஹெர்ட்ஸிலோ, எச்டிஆரிலோ (ஒளி-நிழல் வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை), விஆர்ஆரிலோ (ஃப்ரேம் வேகத்துக்கு ஏற்பத் திரையின் வேகம் மாறும் முறை) அனுப்பினால் கார்டு வாயடைத்து நிற்கும். கன்சோலை 1080பி, 60 ஹெர்ட்ஸ் என்று கட்டிப்போட்டு எச்டிஆர், விஆர்ஆர், 120 ஹெர்ட்ஸ் மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

டிவி கைவசம் இல்லை, மெனுவும் தெரியவில்லை என்றால் பிஎஸ்5-ஐ முழுதாக அணைத்து, பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும் வரை, ஏறக்குறைய 7 விநாடி, அழுத்திப் பிடியுங்கள். சேஃப் மோட் வரும். அதில் ரெசல்யூஷனை மாற்றலாம். கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் இணைத்தால்தான் அந்த மெனுவில் நகர முடியும். பிஎஸ்4-க்கும் இதே முறை. ஆனால் கறுப்புக்குக் காரணம் எச்டிசிபி என்றால் இதை நம்பி உட்கார வேண்டாம், ஒரு டிவியைத் தேடுவதே மேல்.

படம் தத்தித் தத்தி ஓடுகிறது

கணக்கைப் போட்டால் காரணம் தானாகப் புரியும். 1080பி படத்தின் ஒரு ஃப்ரேம், சுருக்காத ஒய்யூஒய்2 வடிவில் 1920 × 1080 × 2 பைட், அதாவது சுமார் 4.15 மெகாபைட். நொடிக்கு 60 என்றால் ஏறக்குறைய 249 மெகாபைட். யூஎஸ்பி 2.0-இன் ஏட்டு வேகமே நொடிக்கு 60 மெகாபைட். நடைமுறையில் அதிலும் குறைவு. யானையை ஊசிக் காதில் நுழைக்கிற வேலை. எனவே யூஎஸ்பி 2.0 கார்டுகள் ஒவ்வொரு ஃப்ரேமையும் எம்ஜெபெக்காகச் சுருக்கி அனுப்புகின்றன.

ஓபிஎஸ்ஸுக்கு இது தெரியாது. ‘டிவைஸ் டீஃபால்ட்’ என்று விட்டால் சில சமயம் ஒய்யூஒய்2-ஐ எடுத்துக்கொள்ளும். பரவலாகக் கிடைக்கும் எம்எஸ்2109 சிப் கார்டில் அப்போது 1080பி நொடிக்கு 5 ஃப்ரேம்தான். படம் கூர்மையாக இருக்கும், ஆனால் புகைப்பட ஆல்பம் புரட்டுவது போல நகரும். சரிசெய்ய:

1. வீடியோ கேப்சர் டிவைஸ் சோர்ஸை இரட்டை கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள்.
2. ரெசல்யூஷன்/எஃப்பிஎஸ் டைப்பை ‘கஸ்டம்’ ஆக்குங்கள். எஃப்பிஎஸ் என்றால் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது.
3. வீடியோ ஃபார்மேட்டை எம்ஜெபெக் ஆக்குங்கள்.
4. இந்தச் சிப் என்றால் 1280 × 720, 60 எஃப்பிஎஸ். அல்லது 1920 × 1080, 30 எஃப்பிஎஸ். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.
5. ஓபிஎஸ்ஸின் செட்டிங்ஸ் > வீடியோவிலும் எஃப்பிஎஸ் 60 என்று இருக்க வேண்டும். அங்கே 30 இருந்தால் கார்டு 60 கொடுத்தும் திரையில் 30 தான்.

விளையாடுவதற்கு 720பி 60-ஐயே தேர்ந்தெடுங்கள். 15 அங்குல லேப்டாப் திரையில் கூர்மை கொஞ்சம் குறைவது சில நிமிடங்களில் பழகிவிடும். 30 ஃப்ரேமின் இழுவை பழகாது. திரையே 1366 × 768 என்றால் 1080பி-க்கு ஆசைப்படுவதில் அர்த்தமும் இல்லை.

யூஎஸ்பி 3.0 கார்டு வாங்கியும் இதே தடுமாற்றம் என்றால், அது 2.0 வேகத்தில் இணைந்திருக்கிறது. போர்ட்டும் கேபிளும் ஹப்பும், வழியில் உள்ள எல்லாமே 3.0 ஆக இருக்க வேண்டும். ப்ளக்கை மெதுவாகச் சொருகும்போது பழைய 4 பின்கள் மட்டும் முதலில் தொட்டு 2.0-லேயே நின்றுவிடுவதும் உண்டு. கழற்றி, ஒரே மூச்சில் அழுத்திச் சொருகிப் பாருங்கள்.

பட்டனை அழுத்தினால் கொஞ்சம் கழித்துத்தான் நகர்கிறது

இந்தத் தாமதத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. ஃப்ரேமை வாங்கி, சுருக்கி, அனுப்பி, விரித்து, திரையில் வரைவது வரை ஒவ்வொரு படியும் நேரம் தின்னும்.

குறைக்க வேண்டியவை: ப்ராப்பர்ட்டீஸில் ‘பஃபரிங்’ என்பதை டிஸேபிள் ஆக்குங்கள். படத்தின் மேல் வலது கிளிக் செய்து ஃபுல்ஸ்கிரீன் ப்ரொஜெக்டரைத் தேர்ந்தெடுங்கள். 30 எஃப்பிஎஸ்ஸில் இருந்து 60-க்கு மாறினால் ஒரு ஃப்ரேமுக்கான காத்திருப்பு 33.3 மில்லி விநாடியில் இருந்து 16.7 ஆகும். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு பவர் மோடைப் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள். விஎல்சியில் பார்ப்பவர்கள், கேப்சர் டிவைஸைத் திறக்கும் பெட்டியில் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ அழுத்தினால் கேச்சிங் 300 மில்லி விநாடி என்று நிற்பதைக் காணலாம். அத்தனையும் வேண்டுமென்றே சேர்த்த தாமதம். அதை 50-க்குக் கொண்டு வாருங்கள், அல்லது ஓபிஎஸ்ஸுக்கே மாறிவிடுங்கள்.

எவ்வளவு தாமதம் என்று அளக்கவும் வழியுண்டு. கார்டில் ‘எச்டிஎம்ஐ அவுட்’ இருந்தால் அதில் ஒரு டிவியை இணைத்து கேம் மோடில் வையுங்கள். டிவியும் லேப்டாப்பும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி போனை நிறுத்தி, நொடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். மெனுவில் கர்சரை ஒரு தடவை நகர்த்துங்கள். பிறகு வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாகத் தள்ளி, டிவியில் நகர்ந்ததற்கும் லேப்டாப்பில் நகர்ந்ததற்கும் இடையே எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு ஃப்ரேம் 4.2 மில்லி விநாடி. 24 ஃப்ரேம் என்றால் லேப்டாப் டிவியைவிட 100 மில்லி விநாடி பின்தங்கியிருக்கிறது.

100-ஐத் தாண்டினால் சண்டை கேம், ரிதம் கேம் இரண்டையும் மறந்துவிடுங்கள். முறைவைத்து ஆடும் ஆர்பிஜி, புதிர், கதை கேம்களுக்கு அது பெரிதாக உறுத்தாது. நல்ல யூஎஸ்பி 3.0 கார்டு சுருக்காமல் அனுப்புவதால் நிலைமை கணிசமாக மேல்.

படம் இருக்கிறது, சத்தம் இல்லை

கார்டின் ஒலியை ஓபிஎஸ் பதிவுக்கு எடுத்துக்கொள்ளும், ஸ்பீக்கருக்கு அனுப்பாது. அதன் இயல்பே அப்படி. மிக்ஸரில் பச்சைக் கோடு துள்ளுகிறதா? துள்ளினால் ஒலி உள்ளே வந்துவிட்டது. அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, அந்த சோர்ஸின் ஆடியோ மானிட்டரிங்கை ‘மானிட்டர் ஒன்லி’ ஆக்குங்கள். செட்டிங்ஸ் > ஆடியோவில் மானிட்டரிங் டிவைஸ் உங்கள் ஸ்பீக்கரா ஹெட்ஃபோனா என்று பாருங்கள்.

கோடு துள்ளவே இல்லையென்றால் கன்சோல் ஒலியை டால்பி அல்லது டிடிஎஸ் பிட்ஸ்ட்ரீமாக, அதாவது சுருக்கிய வடிவில், அனுப்பிக்கொண்டிருக்கும். பிளேஸ்டேஷனில் ஆடியோ ஃபார்மேட்டை லீனியர் பிசிஎம், எக்ஸ்பாக்ஸில் எச்டிஎம்ஐ ஆடியோவை ஸ்டீரியோ அன்கம்ப்ரஸ்டு, ஸ்விட்ச்சில் டிவி சவுண்டை ஸ்டீரியோ என்று வையுங்கள். கன்ட்ரோலரில் ஹெட்செட் சொருகியிருந்தால் ஒலி அங்கே போய்விடும், அதையும் பாருங்கள்.

சத்தம் இரட்டையாகக் கேட்டால் ஒரே ஒலி இரண்டு வழியாக வருகிறது: ஓபிஎஸ் மானிட்டரிங் ஒன்று, விண்டோஸின் ‘லிசன் டு திஸ் டிவைஸ்’ இன்னொன்று. ஒன்றை அணைத்தால் போதும்.

எம்எஸ்2109 கார்டில் ஸ்டீரியோ ஒலி மோனோவாக வருவது சிப்பின் பிழை: 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று சொல்லிக்கொள்கிறது. புதிய லினக்ஸ் கெர்னல்களில் இதற்குத் திருத்தம் இருக்கிறது.

நிறம் வெளிறிப்போய்த் தெரிகிறது, அல்லது இருட்டெல்லாம் ஒரே மை

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலும், நிழலில் இருப்பவை மொத்தமாக மறைந்தாலும் ஆர்ஜிபி ரேஞ்ச் பொருந்தவில்லை. ஒரு பக்கம் 0 முதல் 255 வரை பேசுகிறது, மறுபக்கம் 16 முதல் 235 வரைதான் கேட்கிறது. கன்சோலில் ‘ஆட்டோமேட்டிக்’ வேண்டாம். ‘லிமிடெட்’ என்று வைத்து ஓபிஎஸ் ப்ராப்பர்ட்டீஸில் கலர் ரேஞ்சையும் லிமிடெட், கலர் ஸ்பேஸை 709 ஆக்குங்கள். சரியாகவில்லையென்றால் கன்சோலை மட்டும் ‘ஃபுல்’ ஆக்கிப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். ரேஞ்ச் சரியாக இருந்தும் எல்லாம் பழைய துணி மாதிரி வெளுத்திருந்தால் எச்டிஆர் அணையவில்லை.

விட்டு விட்டுப் போகிறது

ஐந்து பத்து நிமிடம் ஓடிவிட்டு அறுந்தால் கார்டைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் சின்ன எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிளும் யூஎஸ்பி நீட்டிப்பும் போட்டு லேப்டாப்பின் வெப்பக் காற்று வரும் பக்கத்தில் இருந்து தள்ளி வையுங்கள். கேபிளை அசைத்தால் போகிறது என்றால் போர்ட் அல்லது கேபிள். எந்த ஒழுங்கும் இல்லாமல் போனால் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள்.

பழைய கன்சோல்: படம் கறுப்பு வெள்ளையில், அல்லது உருண்டுகொண்டே

பிஎஸ்2, நின்டெண்டோ வீ போன்றவற்றை மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி கேபிள் வழியாக யூஎஸ்பி டாங்கிளில் இணைக்கும்போது நிறம் போனாலோ படம் மேலும் கீழும் உருண்டாலோ பால், என்டிஎஸ்சி என்ற இரண்டு பழைய டிவி சிக்னல் முறைகளில் ஒன்றுக்குப் பதில் மற்றது தேர்வாகியிருக்கிறது. ஓபிஎஸ்ஸில் ‘கன்ஃபிகர் வீடியோ’ திறந்து வீடியோ ஸ்டாண்டர்டை மாற்றுங்கள். நகரும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள் தெரிந்தால் அது 480ஐ-யின் இன்டர்லேஸ், அதாவது ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாற்றி மாற்றி அனுப்பும் முறை. சோர்ஸில் வலது கிளிக் செய்து டீஇன்டர்லேசிங்கில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ வையுங்கள்.

கன்வெர்ட்டர் வாங்கும்போது திசையைப் பாருங்கள். ‘ஏவி டு எச்டிஎம்ஐ’யும் ‘எச்டிஎம்ஐ டு ஏவி’யும் ஒரே பெட்டி போலத்தான் இருக்கும், மாற்றிச் சொருகினால் வேலை செய்யாது.

கார்டே இல்லாமல், நெட்வொர்க் வழியாக

பிளேஸ்டேஷனுக்கு ரிமோட் ப்ளே, எக்ஸ்பாக்ஸுக்கு எக்ஸ்பாக்ஸ் ஆப். கன்சோலில் இந்த வசதியை முதலில் ஆன் செய்ய வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அக்கவுண்ட் இருக்க வேண்டும். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் கன்சோலை ரவுட்டரில் லேன் கேபிளால் இணைத்து, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். பிஎஸ்5, பிஎஸ்4 ப்ரோவில் 1080பி வரை கிடைக்கும்; சாதாரண பிஎஸ்4-ல் 720பி-க்கு மேல் போகாது. இங்கே கன்ட்ரோலர் லேப்டாப்போடு இணைய வேண்டும். கேப்சர் கார்டில் ஆடும்போது அது நேர் எதிர்: கன்ட்ரோலர் கன்சோலோடு மட்டும்தான், லேப்டாப்புக்கு அதில் பங்கே இல்லை.

மதர்போர்டு செத்த லேப்டாப், திரை மட்டும் நன்றாக இருக்கிறது

அந்தத் திரையை (பேனலை) எச்டிஎம்ஐ வாங்கும் ஒரு கன்ட்ரோலர் போர்டோடு இணைத்து மானிட்டராக்கிவிடலாம். தாமதமில்லாமல் ஆட உண்மையில் சிறந்த வழி இதுதான், ஆனால் ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டும். பேனலைக் கழற்றிப் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள்; அந்த எண்ணுக்கே பொருந்தும் கன்ட்ரோலர் போர்டு வாங்க வேண்டும். பேனலின் கனெக்டர் வகைகளான 30 பின் ஈடிபியும் 40 பின் எல்விடிஎஸ்ஸும் ஒன்றுக்கொன்று ஆகாது.

எல்விடிஎஸ் போர்டில் பேனல் மின்னழுத்தத்துக்கு 3.3, 5, 12 என்று ஒரு ஜம்பர் இருக்கும். லேப்டாப் பேனலுக்குப் பொதுவாக 3.3; பேனலின் டேட்டாஷீட்டில் ஒருமுறை சரிபார்த்து, கரண்ட் கொடுக்கும் முன் ஜம்பரை அங்கே நகர்த்துங்கள். 12-ல் இருந்தால் பேனல் அந்த நொடியே போய்விடும். விளக்கு எரிந்து வெறும் வெள்ளைத் திரை நின்றால் டேட்டா கேபிள் சரியாக உட்காரவில்லை. படம் இரண்டாகப் பிளந்தோ நிறங்கள் நெகடிவ் போலவோ தெரிந்தால் போர்டில் வேறு பேனலுக்கான ஃபர்ம்வேர் இருக்கிறது. கேபிளைத் திரும்பச் சொருகும் ஒவ்வொரு தடவையும் அடாப்டரைக் கழற்றிவிட்டே செய்யுங்கள். ஒரு பின் தள்ளி உட்கார்ந்தாலே பின்விளக்கு ஃப்யூஸ் போய்விடும்.